மனமுவந்து கொடுப்பவளின் மகிழ்ச்சி



பெண்களைப் பற்றி யார் மேடையேறிப் பேசினாலும் தவறாமல் வந்து விழுகின்ற சொல் ஒன்று உண்டு. தியாகம் என்பதே அந்தச் சொல். அன்னையர் தினத்தில் அது வரும், மகளிர் தினத்தில் வரும், ஓர் அம்மா இறந்து முப்பத்தோராம் நாளில் வெளியிடப்படும் நினைவு மலரிலும் வரும். மெழுகுதிரி தன்னை உருக்கி ஒளி தருவது போல அவள் வாழ்ந்தாள் என்று எழுதுவார்கள். வாசிக்கும்போது மனம் நெகிழத்தான் செய்கிறது. ஆனால் ஒவ்வொரு முறையும் என்னுள் ஒரு கேள்வியும் கூடவே எழும். அந்த மெழுகுதிரி மகிழ்ச்சியாக இருந்ததா? யாராவது அதனிடம் கேட்டுப் பார்த்தார்களா?

கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்து வளர்ந்த எனக்கு இந்தக் கேள்வி சற்றுக் கூர்மையாகவே வந்து தைக்கும். சிலுவையை நடுவில் வைத்து வணங்குகின்ற சமயம் எங்களுடையது. பிறர் நலனுக்காகத் தன்னைக் கொடுப்பதே அதன் அடித்தளம். ஆனால் அதே வேதாகமம், கொடுப்பவர் மனவருத்தத்தோடோ கட்டாயத்தின் பேரிலோ கொடுக்கலாகாது, முகம் மலரக் கொடுக்க வேண்டும் என்றும் கற்பிக்கிறது. எருசலேமில் வறுமையுற்றிருந்த விசுவாசிகளுக்காக நிதி சேர்த்தபோது, கொரிந்து நகரத்துச் சபைக்கு எழுதிய இரண்டாவது கடிதத்தில் பவுல் அடிகளார் இதை வலியுறுத்தினார். உள்ளதையெல்லாம் வாரிக் கொடுத்தாலும், உடலையே கொடுத்தாலும், அன்பு இல்லாவிட்டால் அதனால் பயன் ஏதுமில்லை என்று அவர் தமது முதலாவது கடிதத்திலேயே எழுதியிருந்தார்.

அப்படியானால் கொடுப்பது மட்டும் போதாது, எந்த மனத்தோடு கொடுக்கிறோம் என்பதும் முக்கியம். களைத்துப் போயிருக்கும் ஒருத்திக்கு, நீ மகிழ்ச்சியாகவும் களைத்திரு என்று கட்டளையிடுவது போல இது தோன்றலாம். மகிழ்ச்சியைக் கட்டளையிட்டு வரவழைக்க முடியுமா? அது எங்கிருந்து வருகிறது? இதைத்தான் இம்மாதம் உங்களோடு சேர்ந்து சிந்திக்க விரும்புகிறேன்.

குசினியிலிருந்தே தொடங்குவோம். பெத்தானியா என்ற ஊரில் மார்த்தாள், மரியாள் என்று இரு சகோதரிகள் இருந்தார்கள். இயேசு அவர்களது வீட்டுக்கு விருந்தினராக வந்தார். மரியாள் அவருடைய காலடியில் அமர்ந்து அவர் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருக்க, மார்த்தாள் விருந்து வேலைகளில் தனியே அல்லாடினாள். கடைசியில் பொறுக்க மாட்டாமல் வந்து, தங்கை உதவிக்கு வராததைப் பற்றி விருந்தினரிடமே முறையிட்டாள். லூக்காவின் நற்செய்தி 10ஆம் அதிகாரத்தில் வருகின்ற இந்தக் கதை நம்மில் பலருக்குத் தெரிந்ததே. இயேசு அவளிடம் சமைக்காதே என்று சொல்லவில்லை. பலவற்றையும் எண்ணி அவள் மனம் கலங்கிப் போயிருப்பதைத்தான் எடுத்துக் காட்டினார்.

மார்த்தாளின் கதை அத்தோடு முடிந்துவிடவில்லை. யோவானின் நற்செய்தி 12ஆம் அதிகாரத்தில் அதே பெத்தானியாவில் இன்னொரு விருந்து நடக்கிறது. இறந்து உயிர்பெற்ற சகோதரன் லாசரு பந்தியில் அமர்ந்திருக்கிறான். மரியாள் விலையுயர்ந்த பரிமளத் தைலத்தை இயேசுவின் பாதங்களில் பூசுகிறாள். மார்த்தாள் அன்றும் பரிமாறிக்கொண்டுதான் இருக்கிறாள். அதே பெண், அதே வேலை. ஆனால் இம்முறை அவளிடமிருந்து ஒரு முறைப்பாடும் இல்லை. அன்று அந்த விருந்தில் கணக்குப் பார்த்துக் குறை சொன்னவன் யூதாஸ் ஒருவனே.

அந்த இரண்டு விருந்துகளுக்கும் இடையில் மார்த்தாளுக்கு என்ன நடந்தது? அவளுடைய வீட்டில் சாவு வந்தது, அந்தச் சாவு வென்று விலக்கப்பட்டது. நன்றியால் நிறைந்த மனத்தோடு இப்போது அவள் பரிமாறுகிறாள். மகிழ்ச்சி என்பது வேலை குறைவதால் வருவதல்ல, யாருக்காகச் செய்கிறோம், ஏன் செய்கிறோம் என்பது மனதில் தெளிவாக இருப்பதால் வருவது என்று இந்த இரண்டாவது விருந்தை வாசிக்கும் போதெல்லாம் எனக்குத் தோன்றும்.

இதற்கு வாழ்ந்து காட்டிய சான்றாக ஒரு பெண்மணியை உங்களுக்கு அறிமுகம் செய்ய விரும்புகிறேன். மொலொக்காய் தீவில் தொழுநோயாளருக்குப் பணி செய்து அந்த நோயாலேயே இறந்த தமியான் அடிகளாரைப் பற்றிப் பலர் அறிந்திருப்பீர்கள். பாடசாலைப் புத்தகங்களிலும் மறைக்கல்வி வகுப்புகளிலும் அவரைப் பற்றிப் படித்திருப்போம். ஆனால் அவருக்குப் பின் அதே இடத்தில் 30 ஆண்டுகள் பணி செய்த அன்னை மரியான் கோப்பை அறிந்தவர்கள் குறைவு.

இவர் 1838ஆம் ஆண்டு ஜனவரி 23ஆம் திகதி ஜேர்மனியில் பிறந்தவர். பெற்றோர் இட்ட பெயர் பார்பரா. குழந்தையாக இருக்கும்போதே குடும்பம் ஐக்கிய அமெரிக்காவின் நியூயோர்க் மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தது. கன்னியர் மடத்தில் சேர வேண்டும் என்ற ஆசை இளமையிலேயே அவருக்கு இருந்தது. ஆனால் தந்தையார் நோய்வாய்ப்பட்டார். வீட்டிலிருந்த பிள்ளைகளில் மூத்தவர் பார்பரா. எட்டாம் வகுப்போடு படிப்பை முடித்துக்கொண்டு ஆலையில் வேலைக்குப் போனார். தம்பி தங்கைகளைக் கரை சேர்ப்பதற்காக ஒன்பது ஆண்டுகள் தமது விருப்பத்தைத் தள்ளி வைத்தார். தந்தை இறந்த 1862ஆம் ஆண்டில், தமது 24ஆவது வயதில்தான் சிரக்கியூஸ் நகரத்துப் பிரான்சிஸ்கன் கன்னியர் சபையில் சேர்ந்தார்.

அவரைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் ஹவாய்த் தீவிலிருந்தே தொடங்குவார்கள். எனக்கோ அந்த ஒன்பது ஆலை ஆண்டுகளும் முக்கியமாகப் படுகின்றன. யாரும் படம் பிடிக்காத, எவரும் விருது கொடுக்காத ஆண்டுகள் அவை. ஆடைத் தொழிற்சாலைகளுக்குப் போய் வீட்டுக்குப் பணம் அனுப்புகின்ற நம் நாட்டுப் பெண் பிள்ளைகளுக்கு அந்த ஆண்டுகளின் பொருள் நன்றாகவே விளங்கும்.

மடத்தில் சேர்ந்த பின் அவர் வைத்தியசாலை நிர்வாகத்தில் தேர்ச்சி பெற்றார். சிரக்கியூஸ் நகரில் இருந்த புனித சூசையப்பர் வைத்தியசாலையை நடத்தியபோது, மற்றவர்கள் ஏற்க மறுத்த குடிநோயாளரையும் சேர்த்துக்கொண்டார். அதற்காக விமர்சிக்கவும் பட்டார். மருத்துவ மாணவர்கள் அங்கு வந்து பயில்வதற்கு அனுமதி கொடுத்தார். ஆனால் மாணவர் தம்மைப் பார்ப்பதை விரும்பாத நோயாளி மறுப்பதற்கு உரிமை உண்டு என்று நிபந்தனையும் விதித்தார். ஏழை நோயாளிக்கும் சொந்த விருப்பம் உண்டு என்று 19ஆம் நூற்றாண்டிலேயே நினைத்த பெண் அவர்.

1883ஆம் ஆண்டு ஹவாயிலிருந்து ஒரு கடிதம் வந்தது. அப்போது ஹவாய் தனி இராச்சியம். தொழுநோயாளரைப் பராமரிக்க அருட்சகோதரிகள் தேவை என்று கேட்டிருந்தார்கள். 50க்கும் மேற்பட்ட துறவற சபைகள் அந்த அழைப்பை ஏற்கவில்லை. அவர்களைக் குறை சொல்ல நமக்கு உரிமையில்லை. அந்நாளில் அந்த நோய்க்கு மருந்து கிடையாது. நோர்வே நாட்டு வைத்தியர் ஹன்சன் அதன் கிருமியைக் கண்டறிந்து பத்து ஆண்டுகளே ஆகியிருந்தன. நோயின் பெயரைக் கேட்டாலே மக்கள் நடுங்கினார்கள். அன்னை மரியான் தமது சகோதரிகளிடம் கேட்டார். 35 பேர் தாமாகவே முன்வந்தார்கள். அவர்களில் ஆறு பேரைத் தெரிந்தெடுத்து, தாமும் கூடவே புறப்பட்டு, 1883 நவம்பர் 8ஆம் திகதி ஹொனலுலு துறைமுகத்தில் இறங்கினார். அவர்களை நிலைப்படுத்திவிட்டுத் திரும்புவதே முதலில் இருந்த எண்ணம். அவர் திரும்பவேயில்லை.

அங்கே காக்காஆகோ என்ற இடத்தில் இருந்த வைத்தியசாலையில் 200க்கு மேற்பட்ட தொழுநோயாளர் இருந்தார்கள். அரசாங்கம் நியமித்த நிர்வாகி ஒருவர் அவர்களைக் கொடுமைப்படுத்தி வந்தார். அன்னை மரியான் அமைதியாகச் சகித்துக்கொண்டு, இதுவும் ஒரு சிலுவை என்று சொல்லிவிட்டு இருந்துவிடவில்லை. ஒன்றில் அந்த நிர்வாகியை நீக்குங்கள், அல்லது நாங்கள் எங்கள் ஊருக்குத் திரும்புகிறோம் என்று அரசாங்கத்திடம் உறுதியாகச் சொல்லிவிட்டார். அரசாங்கம் இணங்கியது. வைத்தியசாலையின் முழுப் பொறுப்பும் அவரிடமே கொடுக்கப்பட்டது.

சகோதரிகளே, இந்த இடத்தைக் கொஞ்சம் ஆறுதலாக வாசியுங்கள். தியாகம் என்றால் வாய் திறவாமல் இருப்பது என்று நமக்குப் பழக்கப்படுத்தியிருக்கிறார்கள். அன்னை மரியான் தமது சுகத்தைக் கொடுத்தார், ஊரைக் கொடுத்தார், மிச்சமிருந்த வாழ்நாள் முழுவதையும் கொடுத்தார். ஆனால் நோயாளிக்குச் செய்யப்படும் அநியாயத்துக்கு மட்டும் தமது மௌனத்தைக் கொடுக்க மறுத்தார். பிறர் நலனுக்காகத் தன்னைக் கொடுப்பவள், அந்தப் பிறருடைய நலனுக்காகவே சில வேளைகளில் குரலை உயர்த்தவும் வேண்டியிருக்கும்.

இன்னொன்றையும் அவர் செய்தார். உங்களில் ஒருவருக்கும் இந்த நோய் தொற்றாது என்று தமது சகோதரிகளுக்கு உறுதி கூறினார். கூறியதோடு நில்லாமல் அதற்கு வேண்டிய ஒழுங்குகளையும் வகுத்தார். கைகளைக் கழுவுவது, சுத்தம் பேணுவது ஆகியவற்றில் மிகக் கண்டிப்பாக இருந்தார். அவருடன் பணி செய்த சகோதரிகளில் ஒருவருக்கும் தொழுநோய் வரவில்லை. தன்னை வீணாக அழித்துக்கொள்வதைத் தியாகம் என்று அவர் எண்ணவில்லை. வேலை நெடுங்காலம் நடக்க வேண்டுமானால் வேலை செய்பவளும் நலமாக இருக்க வேண்டும் என்பதை அறிந்திருந்தார்.

1886ஆம் ஆண்டில் தமியான் அடிகளார் தாமே நோயாளியாகி ஹொனலுலுவுக்கு வந்தார். அவரை வரவேற்கப் பலரும் தயங்கிய வேளையில் அன்னை மரியானே அவரை ஏற்று உபசரித்தார். தமக்குப் பின் மொலொக்காயில் உள்ள பிள்ளைகளை யார் பார்ப்பார் என்ற கவலை அடிகளாருக்கு இருந்தது. 1888 நவம்பரில் அன்னை மரியான் இரு சகோதரிகளோடு அந்தத் தீவின் கலாவுபாபா குடாநாட்டுக்குப் போய்ச் சேர்ந்தார். மூன்று புறமும் கடல், மற்றப் புறம் செங்குத்தான மலைச்சுவர். நோயாளரை ஊரிலிருந்து பிரித்து அங்கே கொண்டுபோய் விடுவதற்கு 1865இல் சட்டம் இயற்றப்பட்டிருந்தது. 1969ஆம் ஆண்டு வரை நீடித்த அந்த ஏற்பாட்டின் கீழ் ஏறத்தாழ 8000 பேர் அங்கு அனுப்பப்பட்டார்கள். போனவர்களில் பெரும்பாலானோர் திரும்பி வரவில்லை. அவர்களில் தாயைப் பிரிந்த சிறுமிகளும் இருந்தார்கள்.

அந்தச் சிறுமிகளுக்கு அன்னை மரியான் என்ன செய்தார் தெரியுமா? புண்களைக் கழுவிக் கட்டியது ஒருபுறம் இருக்க, அவர்களுக்கு அழகான சட்டைகள் தைத்துக் கொடுத்தார். அவர்களுக்கே தையல் பழக்கினார். பாட்டும் இசையும் கற்க வழி செய்தார். வரண்ட அந்த மண்ணில் மரங்களும் பூச்செடிகளும் நட்டார். சாகப்போகிற பிள்ளைக்கு எதற்கு வடிவான சட்டை என்று கேட்பவர்கள் அன்றும் இருந்திருப்பார்கள், இன்றும் இருப்பார்கள். கந்தையானாலும் கசக்கிக் கட்டு என்று சொல்லி வளர்க்கப்பட்ட நமக்கு அதன் விடை தெரியும். அந்தப் பிள்ளை சாகும் நாள் வரை ஒரு நோயல்ல, ஒரு பிள்ளை. அதை அவளுக்கு உணர்த்தியது அந்தச் சட்டை.

1889 ஏப்ரல் 15ஆம் திகதி தமியான் அடிகளார் இறந்தார். அடுத்த மாதம் எழுத்தாளர் ரொபர்ட் லூயிஸ் ஸ்டீவன்சன் கலாவுபாபாவுக்கு வந்து சில நாட்கள் தங்கினார். அன்னை மரியானின் இல்லத்துச் சிறுமிகளோடு அவர் பந்து விளையாடினார். திரும்பிப் போன பின் அவர்களுக்கு ஒரு பியானோவை அனுப்பி வைத்தார். துயரத்தைப் பார்க்க வந்தவர் விளையாடிவிட்டுப் போகிறார் என்றால், அந்த இல்லத்தில் எத்தகைய சூழல் நிலவியிருக்க வேண்டும்! அன்னை மரியான் 1918 ஓகஸ்ட் 9ஆம் திகதி, தமது 80ஆவது வயதில் இயற்கை மரணம் எய்தினார். 2012 ஒக்டோபர் 21ஆம் திகதி பாப்பரசர் 16ஆம் ஆசீர்வாதப்பர் அவரைப் புனிதராகப் பிரகடனம் செய்தார்.

இந்த நோய் நமக்கும் புதியதல்ல. கொழும்புக்கு வடக்கே ஹெந்தளையில் ஒல்லாந்தர் 1708ஆம் ஆண்டிலேயே தொழுநோயாளருக்கான வைத்தியசாலையை அமைத்தார்கள். மட்டக்களப்பு வாவியில் உள்ள மாந்தீவும் நோயாளரைப் பிரித்து வைத்த இடமே. இன்று தொழுநோயைக் கூட்டு மருந்துச் சிகிச்சையால் முற்றாகக் குணப்படுத்தலாம். மருந்தும் இலவசமாகவே கிடைக்கிறது. ஆனால் நம் நாட்டில் இன்னமும் புதிய நோயாளர் இனங்காணப்படுகிறார்கள். தோலில் நிறம் மாறிய, உணர்ச்சி குறைந்த தழும்பு தென்பட்டால் மறைக்காமல் வைத்தியரிடம் காட்டுங்கள். வெட்கப்பட்டு ஒளிப்பதுதான் கைகால்களைக் கெடுக்கிறது.

இனி, தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு வருவோம். அன்னை மரியானின் மகிழ்ச்சி எங்கிருந்து வந்தது? நான் எண்ணிப் பார்த்த அளவில் முதலாவது காரணம், அவர் கொடுத்தது அவராகவே கொடுத்தது. யாரும் அவரிடமிருந்து பறிக்கவில்லை. இயேசுவின் சிலுவையிலும் இதே உண்மை இருக்கிறது. தமது உயிரை எவரும் எடுத்துக்கொள்ளவில்லை, தாமாகவே அதைக் கொடுப்பதாக அவர் கூறியதை யோவான் பதிவு செய்திருக்கிறார். கெத்செமனித் தோட்டத்தில் அவர் கலங்கினார், அந்தத் துன்பம் நீங்கலாகாதா என்று வேண்டினார். மகிழ்ச்சியோடு கொடுப்பவருக்கு வலி இல்லை என்பதல்ல. பிள்ளைப்பேற்று வேதனைப்படும் பெண்ணையும், குழந்தையைக் கண்டதும் அவளுக்கு உண்டாகும் ஆனந்தத்தையும் அவர் தமது சீடருக்கு எடுத்துக்காட்டாகச் சொன்னது, தாம் இறப்பதற்கு முந்திய இரவில்தான். வலியும் மகிழ்ச்சியும் ஒரே வயிற்றில் இருக்க முடியும் என்பது தாய்மாருக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

பறிப்பதையும் கொடுப்பதையும் வேதாகமம் எவ்வளவு கவனமாகப் பிரித்துக் காட்டுகிறது என்பதற்கு இன்னோர் இடம். ஆலயக் காணிக்கைப் பெட்டியில் இரண்டு சிறு காசுகளைப் போட்ட ஏழை விதவையை இயேசு பாராட்டினார். கொடுப்பதைப் பற்றிய பிரசங்கம் என்றால் அந்த விதவை வராமல் இருக்க மாட்டாள். ஆனால் மாற்கு எழுதிய நற்செய்தி 12ஆம் அதிகாரத்தில் அதற்கு நேர் முன்னே என்ன இருக்கிறது என்று பாருங்கள். விதவைகளின் வீடுகளை விழுங்கிவிட்டு, நீண்ட செபம் செய்து காட்டும் மதத் தலைவர்களை அவர் கடுமையாகக் கண்டிக்கிறார். விதவை மனமுவந்து கொடுத்தால் அது காணிக்கை. அவளிடமிருந்து பிடுங்கினால் அது கொள்ளை. இரண்டையும் ஒரே மூச்சில் அவர் சொல்லி வைத்திருக்கிறார்.

ஆகவே சகோதரிகளே, அடிவாங்கிக்கொண்டு கணவனோடு இருப்பதைத் தியாகம் என்று யாரும் உங்களுக்குச் சொல்ல விடாதீர்கள். தம்பியின் படிப்புக்காக மகளைப் பாடசாலையிலிருந்து நிறுத்திவிட்டு, அவள் விட்டுக்கொடுத்தாள் என்று பெருமை பேசாதீர்கள். பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு விட்டுக்கொடுக்கத் தெரியாது. அவளிடமிருந்து எடுக்கத்தான் முடியும். தனக்கென்று ஒன்றைப் பெற்று வளர்ந்தவள்தான் பின்னாளில் அதைப் பிறருக்குக் கொடுக்க முடியும்.

இதை நினைக்கும்போது உடுவிலில் வாழ்ந்த எலைசா அக்னியு அம்மையாரின் ஞாபகம் வருகிறது. 1807இல் நியூயோர்க்கில் பிறந்த அவர், எட்டு வயதில் பூமிசாஸ்திர வகுப்பில் ஆசிரியை படத்தில் இலங்கையைக் காட்டியபோது அங்கு போக வேண்டும் என்று மனதில் முடிவு செய்துகொண்டார். நெருங்கிய உறவினரைப் பராமரிக்கும் கடமை முடியும் வரை காத்திருந்து, 32ஆவது வயதில் கப்பலேறி, 1840இல் யாழ்ப்பாணம் வந்தார். 1824இல் தொடங்கப்பட்டிருந்த உடுவில் மகளிர் விடுதிப் பாடசாலையை ஏறத்தாழ 40 ஆண்டுகள் நடத்தினார். ஒரு தடவையேனும் பிறந்த ஊருக்குத் திரும்பாமல் 1883இல் மானிப்பாயில் காலமானார். அவரிடம் படித்த மாணவியர் 1000க்கும் அதிகம். ஆயிரம் பெண்பிள்ளைகளின் தாய் என்று அவரை அழைத்தார்கள். அவர் கொடுத்ததன் பலன் எழுத்தறிவாக அந்த மண்ணில் இன்னும் நிற்கிறது. தன் வாழ்வைக் கொடுத்து மற்றப் பெண்களைச் சிறியவர்களாக்கியவர் அல்லர் அவர். பெரியவர்களாக்கியவர்.

கடல் கடந்து வந்த பெரியவர்களைப் பற்றியே சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். 1995ஆம் ஆண்டு இடப்பெயர்வின்போது தென்மராட்சிப் பாடசாலை ஒன்றில் நாங்கள் தங்கியிருந்தோம். கணவனை இழந்த ஓர் அக்கா, பிள்ளைகளுக்கென்று விடியற்காலையில் பெரிய கிடாரத்தில் கஞ்சி காய்ச்சுவார். யாரும் அவரை நியமிக்கவில்லை. துழாவும்போது மெல்லிய குரலில் கீர்த்தனை பாடுவார். ஒருநாள் நான் கேட்டேன்.

“களைக்கேல்லையோ அக்கா?”

“களைக்காமல் என்ன பிள்ளை? களைக்குதுதான். ஆனா இந்தச் சின்னனுகள் ஊதி ஊதிக் குடிக்கிறதைப் பாக்கேக்க எனக்கும் வயிறு நிறைஞ்ச மாதிரிக் கிடக்கு.”

அந்த அக்காவிடம் இன்னொரு பழக்கமும் இருந்தது. விறகு கொத்துவதையும் கிணற்றிலிருந்து தண்ணீர் கொண்டு வருவதையும் அங்கிருந்த இளந்தாரிப் பெடியன்களிடம் ஒப்படைத்துவிட்டார். மத்தியானத்தில் ஒரு மணித்தியாலம் பாயைப் போட்டுப் படுப்பார். அந்த நேரம் என்னை எழுப்பக்கூடாது என்று எல்லோருக்கும் சொல்லி வைத்திருந்தார். அதனால்தான் மற்ற வேளைகளில் அவரால் சிரிக்க முடிந்தது. கலாவுபாபாவில் கைகழுவச் சொல்லிக் கொடுத்த அன்னையும், இந்த அக்காவும் ஒரே பாடத்தைத்தான் படித்திருக்கிறார்கள் என்று இப்போது எனக்குப் படுகிறது.

நம்மில் பலருக்கு ஹவாய்க்குப் போகும் அழைப்பு வராது. படுக்கையில் இருக்கும் மாமியைத் துடைத்து உடுப்பு மாற்றுவது, மனவளர்ச்சி குன்றிய பிள்ளையைப் பார்ப்பது, பக்கத்து வீட்டில் தனித்திருக்கும் வயோதிப மாதுக்கு ஒரு நேரச் சாப்பாடு கொடுப்பது என்று அழைப்பு வாசற்படியிலேயே வந்து நிற்கும். வரும்போது இரண்டு மூன்று விடயங்களை மனதில் வைத்துக்கொள்வோம்.

முதலாவது, கொடுப்பதை ஒரு முறையாவது நாமாகத் தெரிந்தெடுப்போம். காலையில் எழுந்ததும், இதை இன்று நான் விரும்பியே செய்கிறேன் என்று கடவுளுக்கு முன் சொல்லிப் பாருங்கள். அப்படிச் சொல்ல நா எழவில்லையா? அது பாவமல்ல. பாரம் அளவுக்கு மிஞ்சிவிட்டது என்பதற்கு அறிகுறி. அப்போது உதவி கேளுங்கள். கணவரிடம் கேளுங்கள், மகன்மாரிடமும் கேளுங்கள். மாமியின் மகன் மாமிக்குச் சோறு ஊட்டினால் கை தேய்ந்து போகாது. சிலுவை சுமந்த இயேசுவுக்கே சீமோன் என்பவன் ஒரு தூரம் தோள் கொடுத்தானே!

இரண்டாவது, கணக்கு எழுதாதிருப்போம். உனக்காக நான் என்னவெல்லாம் செய்தேன் என்று பிள்ளைகளுக்கு நாளாந்தம் ஒப்புவித்தால், கொடுத்தது கடனாகிவிடும். கடன்பட்டவர் கடன் கொடுத்தவரைக் கண்டு ஒளிவாரேயன்றி அன்பு செய்ய மாட்டார்.

மூன்றாவது, கொடுப்பதில் கொஞ்சம் அழகையும் சேர்ப்போம். நோயாளியின் மேசையில் ஒரு நித்தியகல்யாணிப் பூ, கிழவிக்குக் கொண்டுபோகும் புட்டோடு அவருக்குப் பிடித்த பழம், பிள்ளைக்கு ஒரு கதை. கடமைக்குச் செய்கிறவளுக்கு இவையெல்லாம் தோன்றாது. அன்புக்குச் செய்கிறவளுக்கு இவற்றில்தான் களைப்புத் தீரும்.

தியாகத்தின் பேரால் நம்மிடமிருந்து எடுப்பவர்களுக்கு இல்லை என்று சொல்லக் கற்றுக்கொள்வோம். நம் கையில் மிஞ்சுவதை, அது இரண்டு சிறு காசாக இருந்தாலும், தேவைப்படும் ஒருவருக்கு முகம் மலரக் கொடுப்போம். அன்று இரவு பாயில் சாயும்போது உடம்பு நோகலாம். மனம் நோகாது.

அடுத்த மாதம் சந்திப்போம். கடவுள் உங்கள் இல்லங்களை ஆசீர்வதிப்பாராக.